கரண்ட் பில்லும் போட்டிச் சந்தையும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரச் சட்டம் மாறியதிலிருந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் தகவலோடு என் கருத்தும் கலந்திருக்கிறது. எது கருத்து என்பது வாசிக்கும்போதே தெரியும்.

என் வீட்டுக்குக் கரண்ட் தருவது ஒரே ஓர் இடம்தான். இதில் சந்தை எங்கே இருக்கிறது?

வீட்டு வாசலில் சந்தை இல்லை. கொழும்பு மாநகரத்துக்குள் குடியிருந்தால் உங்கள் மீட்டர் இலங்கை மின்சார சபைப் பக்கம். கோட்டே, நுகேகொட, மொரட்டுவைப் பக்கமென்றால் பெரும்பாலும் லெகோ என்று நாம் சொல்லும் லங்கா மின்சாரக் கம்பனி. இரண்டில் எது வேண்டும் என்று உங்களால் தெரிவு செய்ய முடியாது. வீடு எந்தத் தெருவில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

ஆனால் மின்சாரம் மீட்டருக்கு வந்து சேரும் முன் நான்கு வேலைகள் நடக்கின்றன. ஒருவர் உற்பத்தி செய்கிறார். ஒருவர் உயர் அழுத்தக் கம்பிகளில் நாடு முழுக்கக் கொண்டுபோகிறார். எந்த நிலையம் எந்த நேரம் ஓட வேண்டும் என்று ஒருவர் இராப்பகலாகத் தீர்மானிக்கிறார். கடைசியில் ஒருவர் தெருத் தெருவாக விநியோகிக்கிறார். கம்பி இழுக்கும் வேலையில் போட்டி வைத்துப் பயனில்லை. காலி வீதியில் இரண்டு கம்பனிகள் தனித்தனியாகக் கம்பம் நட்டால் இரண்டு செலவும் நம் தலையில்தான் விழும். உற்பத்தியில் போட்டி வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். நாம் கட்டும் பில்லில் பெரும்பகுதி உற்பத்திச் செலவுக்குத்தான் போகிறது. அதனால் 'போட்டிச் சந்தை' என்று யாராவது பேசினால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: மின் நிலையம் கட்ட வருகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் விலையில் மோதித்தான் உள்ளே வருகிறார்களா, இல்லை பின்கதவால் வருகிறார்களா?

மின்சார சபையைப் பிரிப்பது, விற்பதற்கு முதற்படி இல்லையா?

சட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். 1969 நவம்பரில் தொடங்கிய சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வழி செய்தது. ஆட்சி மாறிய பின் 2025 ஆகஸ்டில் அதற்குத் திருத்தம் வந்தது. அதன்படி உற்பத்தி, மின் கடத்தல், விநியோகம், முறைமை இயக்கம் ஆகிய நான்கும் தனித்தனிக் கம்பனிகளுக்குப் போகும். அவை முழுக்க அரசுக்குச் சொந்தமானவை. கம்பனி என்ற பெயர் இருப்பதாலேயே ஒன்று தனியாருடையது ஆகிவிடாது. லெகோ 1983 முதல் கம்பனிதான், அதுவும் அரசின் கையில்தான் இருக்கிறது.

தொழிற்சங்கங்களின் பயத்தை நான் லேசாகத் தள்ளிவிடமாட்டேன். பிரித்து வைத்த பொருளை விற்பது சுலபம், அது உண்மை. ஆனாலும் இந்த நான்கில் ஒன்றைப் பிரிப்பது நமக்கு மிகவும் நல்லது என்று நம்புகிறேன். அது முறைமை இயக்கம், அதாவது எந்த நிலையம் எந்த நேரம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை. சொந்தமாக நிலையங்களும் வைத்துக்கொண்டு, மற்றவரிடம் மின்சாரமும் வாங்கிக்கொண்டு, இன்று யாருடைய இயந்திரம் ஓடும் என்பதையும் ஒரே நிறுவனம் தீர்மானித்தால், நேற்றிரவு மலிவான நிலையம் சும்மா இருக்க டீசல் நிலையம் ஏன் ஓடியது என்று வெளியிலிருந்து எவராலும் சரிபார்க்க முடியாது. தீர்மானிக்கிறவருக்கு எந்த நிலையத்திலும் பங்கு இருக்கக் கூடாது. அதோடு, ஒவ்வொரு நாளும் எந்த நிலையம் எத்தனை மணிக்கு என்ன விலையில் ஓடியது என்பதை அவர் எல்லோரும் பார்க்க வெளியிடவும் வேண்டும். இந்த இரண்டும் நடக்காவிட்டால் மாறுவது பெயர்ப்பலகை மட்டுமே.

போட்டி வைத்தால் விலை உண்மையிலேயே குறையுமா? கண்ணால் கண்ட உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் மன்னாரிலேயே. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனத்தோடு அரசு பேசிய விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 ஆண்டுகளுக்கு. அந்தத் திட்டம் திறந்த விலைமனு வழியாக வரவில்லை. 2022 ஜூனில் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு திருத்தம், போட்டி விலைமனு கட்டாயம் என்ற விதியையே தளர்த்தியது. அப்புறம் புதிய அரசு விலையை மறுபடி பேச முயன்றபோது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்குப் போட்டி விலைமனு கோரியபோது கிடைத்த விலை 4.65 சதம்.

இரண்டும் அளவில் ஒன்றல்ல. பெரிய திட்டத்துக்குக் கூடுதல் வேலைகள் இருந்தன என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் ஏதோ கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரே தீவில் வீசுகிற ஒரே காற்றுக்கு இவ்வளவு வித்தியாசம் வருகிறதென்றால், அதை விலைமனுக் கோராமல் எப்படித் தெரிந்துகொண்டிருப்போம்? ஒப்பந்தம் 20 ஆண்டுக்குக் கட்டிப்போடும். இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுத்து அந்த விலையைத்தான் கட்டும். எனவே அரசுக்கு அரசு உடன்பாடு, நட்பு நாடு, அவசரத் தேவை என்று எந்தப் பெயரில் வந்தாலும் விலைமனு இல்லாத ஒப்பந்தத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 'அவசரம்' என்ற சொல்தான் இந்த நாட்டில் மின்சாரத்தை விலை உயர்த்தியதில் முதலிடம் பிடிக்கும்.

விலை அவ்வளவு நல்லதென்றால் மன்னார் மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

கொழும்பில் உட்கார்ந்து 4.65 சதத்தைக் கொண்டாடும்போது இந்தக் கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தம்பபவனி என்ற 100 மெகாவாட் அளவிலான காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் மழை வெள்ளம் முன்பு போல வடிவதில்லை, கரையோர மீன்பிடி பாதிக்கிறது, கனியமணல் அகழ்வும் சேர்ந்து தீவே தாழ்ந்துபோகும் என்று அங்குள்ளவர்கள் சொல்லிவந்தார்கள். வலசைப் பறவைகள் வந்திறங்கும் பாதையில் இருக்கும் தீவு அது. 2025இல் காற்றாலை உபகரணங்கள் வந்திறங்கியபோது மக்கள் இரவு பகலாக வீதியில் உட்கார்ந்தார்கள், தேவாலயங்களும் அவர்களோடு நின்றன.

மலிவு என்பது யாருக்கு மலிவு என்று அவர்கள் கேட்கிறார்கள். விலைமனுவில் நிலத்தின் விலை இருக்கும், இயந்திரத்தின் விலை இருக்கும். வடிகால் அடைபடுவதற்கான விலை இருக்காது. இடத்தைத் தெரிவு செய்யும் முன்பே, ஒப்பந்தம் எழுதும் முன்பே, அந்த ஊர் மக்களோடு அவர்கள் மொழியில் பேசி, வடிகால் ஆய்வை வெளியிட்டு, வருமானத்தில் ஒரு பங்கை ஊருக்கு ஒதுக்கும் ஏற்பாட்டைச் சட்டமாக்க வேண்டும். அதனால் விலை சில சதம் கூடினால், கொழும்பில் இருக்கும் நாம் அதைக் கட்டத்தான் வேண்டும்.

கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது?

ஒன்பது ஆண்டுகள் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்து 2022 ஆகஸ்டில் ஒரேயடியாகச் சராசரி 75 வீதம் ஏற்றினார்கள். 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அதே ஆண்டு ஜூலையில் 14.2 வீதம் குறைந்து ஒக்டோபரில் 18 வீதம் ஏறியது. 2024இல் மார்ச் மாதம் 21.9 வீதமும் ஜூலையில் 22.5 வீதமும் குறைந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் ஏறியது.

இந்த ஆட்டத்துக்குப் பல காரணங்கள். முதலாவது மழை. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் மலிவான நீர்மின்சாரம் கிடைக்கும். வற்றினால் எண்ணெய் எரிக்க வேண்டும். இரண்டாவது டொலர். நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாட் நிலையத்துக்கு நிலக்கரியைக் கப்பலில் கொண்டுவருகிறோம், எண்ணெயும் அப்படித்தான். 2022இல் டொலர் தீர்ந்தபோது ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். மூன்றாவது கொள்கை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டில், மின்சாரத்தைச் செலவுக்குக் குறைவாக விற்கக் கூடாது என்பது முக்கியமான ஒரு நிபந்தனை.

செலவைக் கட்டணம் ஈடுசெய்ய வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஒன்பது ஆண்டுகள் ஏற்றாமல் இருந்த கடனைத்தான் 2022க்குப் பின் சேர்த்துக் கட்டினோம். ஆனால் எந்தச் செலவு? திறமையாக நடத்தினால் ஆகும் செலவா, தவறான ஒப்பந்தத்தால் ஆன செலவா? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்று தேவைப்படுகிறது.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவால் நமக்கு ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஆணைக்குழு அது. மின்சார சபை கட்டணம் கேட்டால் இந்த ஆணைக்குழு ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 2024 இறுதியில், இருக்கும் கட்டணத்தை அப்படியே வைத்துக்கொள்வோம் என்று சபை முன்மொழிந்தது. கணக்கைப் பார்த்து, மாகாணம் மாகாணமாக மக்களைக் கேட்டு, ஆணைக்குழு 20 வீதம் குறைத்தது. 2025 ஜூனில் சபை 18.3 வீதம் கேட்டபோது கிடைத்தது 15. அதே ஆண்டு ஒக்டோபரில் கேட்ட 6.8 வீத உயர்வை ஆணைக்குழு மறுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆணைக்குழு சரியாகத்தான் தீர்மானித்தது என்று நான் சொல்லவில்லை. ஜனவரியில் அவ்வளவு குறைத்ததால்தான் ஜூனில் ஏற்ற நேர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கேட்பவர் ஒருவர், தீர்மானிப்பவர் இன்னொருவர் என்று இருப்பதன் பயனை இந்த மூன்று தீர்மானங்களிலும் பார்க்கலாம்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 2023இல் கட்டண உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவர், அதே ஆண்டு மே மாதம் பாராளுமன்ற வாக்கெடுப்பில் பதவி நீக்கப்பட்டார். அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். அரசோடு முரண்பட்டால் நாற்காலி போகும் என்று அடுத்து வருகிறவர் நினைக்கும் நிலை வந்தால் பாவனையாளருக்குப் பாதுகாப்பு ஏது? உறுப்பினர் நியமனம், பதவிக் காலம், பணம் மூன்றும் அமைச்சரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். போட்டி பற்றிய பேச்சையெல்லாம்விட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

60 அலகைத் தாண்டினால் பில் திடீரென்று ஏன் கூடுகிறது?

வீட்டுக் கட்டணம் படிப்படியாக அமைந்திருக்கிறது: 30, 60, 90, 120, 180 அலகு என்று படிகள். மாதம் 60 அலகு வரை பாவிப்போருக்கு ஒரு தனி அட்டவணை, அதில் விலை மிகக் குறைவு. 61ஆவது அலகைத் தொட்டவுடன் நீங்கள் வேறு அட்டவணைக்கு மாறிவிடுகிறீர்கள். முதல் 60 அலகுக்கும் கூடிய விலை, நிலையான கட்டணமும் அதிகம். அதனால்தான் ஓர் அலகு வித்தியாசத்தில் பில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. மீட்டர் வாசிப்பு சில நாட்கள் தாமதமானால் அநியாயமாக மேலே தள்ளப்படுவோமா என்றும் கேட்கிறார்கள். பில் எத்தனை நாட்களுக்குரியது என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். படிகள் அந்த நாட்களுக்கு ஏற்ப விரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கணக்குப் பாருங்கள்.

இந்தப் படிமுறைக்குள் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. அது கொழும்பில்தான் அதிகம் தெரியும். ஒரு மீட்டருக்கு ஒரு குடும்பம் என்று நினைத்துக்கொண்டு இந்த அட்டவணையைப் போட்டிருக்கிறார்கள். கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மட்டக்குளி, கொம்பனித்தெருவில் ஒரு தோட்டத்துக்குள், அதாவது நெருக்கமாக அமைந்த ஒரு குடியிருப்புக்குள், மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருக்கும். ஆளுக்கு 50 அலகு பாவித்தாலும் மீட்டரில் 150 வரும். தனித்தனியாக இருந்திருந்தால் மூன்று குடும்பங்களுக்கும் ஏழைகளுக்கான விலை கிடைத்திருக்கும். சேர்ந்திருப்பதால் குளிரூட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அருகான விலையைக் கட்டுகிறார்கள். மறுபக்கம், வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய மாடி வீடு மாதம் 20 அலகு பாவித்து மானிய விலையை அனுபவிக்கிறது. அலகுக் கணக்கு ஏழ்மையைக் காட்டும் கணக்கு ஆகாது.

இதைத் திருத்த இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உறுதிப்பத்திரம் கையில் இல்லாத குடும்பத்துக்கும் தனி மீட்டர் எடுப்பதைச் சுலபமாக்குவது. இரண்டு, மானியத்தை அலகில் வைக்காமல் குடும்பத்திடமே கொடுப்பது. 2023இல் தொடங்கிய அரசு உதவித்தொகைத் திட்டமான அஸ்வெசுமவின் பட்டியல் குறைபாடு நிறைந்ததுதான், நகரத்துத் தோட்டங்களில் விடுபட்டவர்கள் ஏராளம். அந்தப் பட்டியலைச் சரிசெய்து, மின் கட்டணத்தில் ஒரு தொகையை நேரே கழித்துக் கொடுக்கலாம். கட்டணம் உயர்ந்த அந்த ஆண்டுகளில் பணம் கட்ட முடியாமல் இணைப்பு இழந்தவர்கள் லட்சக்கணக்கில். இணைப்பு போனால் மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளை படிக்கும், மறுபடி இணைக்கத் தனிக் கட்டணமும் கட்ட வேண்டும். கட்ட இயலாத குடும்பத்தின் இணைப்பைத் துண்டிக்கும் முன் தவணைக்கு வாய்ப்புக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வாடகை வீட்டில் சப் மீட்டர். வீட்டுக்காரர் அலகுக்கு ஒரே விலை கேட்கிறார். என்ன செய்வது?

முதலில் முழு மின்பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மொத்த அலகால் வகுத்துப் பாருங்கள். அந்தச் சராசரியைவிட அதிகமாகக் கேட்டால் உங்களிடம் இலாபம் எடுக்கிறார் என்று அர்த்தம். வெள்ளவத்தை மாடிவீடுகளில் இது சர்வசாதாரணம். சப் மீட்டர் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான கணக்கு என்பதால், வாடகை ஒப்பந்தத்திலேயே 'மின்பட்டியலின் சராசரி விலைப்படி' என்று எழுதிவிடுவது நல்லது. கட்டணம் குறையும்போது அந்தக் குறைவும் உங்களுக்கு வந்து சேரும்.

கூரையில் சோலார் போட்டவர்களால்தான் 2025 பெப்ரவரியில் நாடே இருண்டதாமே?

அன்று ஞாயிற்றுக்கிழமை, பெப்ரவரி 9, காலை பதினொன்றேகாலுக்குச் சற்று முன்பின். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் கோளாறு என்றார்கள். குரங்கைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. ஓர் உப நிலையத்தில் வந்த கோளாறு முழுத் தீவையும் எப்படி விழுத்தியது?

விடுமுறை நாளில் தேவை குறைவு. நல்ல வெயில், சோலார் நிறைய. அதற்கு இடம்விட்டு நீர், அனல் நிலையங்களின் பெரிய சுழலிகள் பல நின்றிருந்தன. கனமான சுழலி சுற்றிக்கொண்டிருந்தால், கோளாறு வந்தாலும் மின்னோட்டத்தின் அதிர்வெண் சட்டென்று விழாமல் அந்தச் சுழற்சியே சில நொடிகள் தாங்கிப்பிடிக்கும். கூரைத் தகட்டில் சுற்றுவது எதுவும் இல்லை. தாங்கும் பலம் குறைந்திருந்த நேரத்தில் அடி விழுந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மறுபடி எழுப்பும் வரை அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்தது. அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று சபை வீட்டுக்காரர்களிடம் கேட்டது.

இதற்குச் சோலார் போட்டவர்களைக் குற்றம் சொல்வது தவறு. 2016இல் அரசே 'சூரிய பல சங்கிராமய' என்று அழைத்து, கடன் வாங்கிப் போடச் சொன்னது. ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டும் வரை சேரவிட்டு, சேமித்து வைக்கும் மின்கலங்களை மட்டும் தள்ளிப்போட்டார்கள். பிழை திட்டமிட்டவர்களுடையது. விலையும் சரியான செய்தியைச் சொல்லவில்லை. நண்பகல் அலகுக்கும் இரவு ஏழு மணி அலகுக்கும் ஒரே விலை கொடுத்தால் யார் பேட்டரி வாங்குவார்? நமது உச்ச நேரம் மாலை 6.30 முதல் 10.30 வரை. அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து தரும் அலகுக்குக் கூடுதல் விலை என்ற ஏற்பாடு சரியான திசை. ஆனால் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்தவர்களின் விலையில் கைவைக்கக் கூடாது. ஒரு தடவை வாக்கு மீறினால் அடுத்த திட்டத்துக்கு மக்கள் வரமாட்டார்கள்.

கூரை இல்லாதவர்கள் நிலை என்ன என்ற கேள்வியும் வருகிறது. மாடிவீட்டுக்காரரும் வாடகைக்காரரும் சோலாரால் நேரடியாக எதையும் பெறவில்லை, கம்பிகளின் பராமரிப்புச் செலவில் மட்டும் அவர்கள் பங்கு கூடிக்கொண்டு போகிறது. பாடசாலைக் கூரை, கோயில் மண்டபக் கூரை போன்றவற்றில் பலர் சேர்ந்து பங்கு வைத்துக்கொண்டு, அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளும் முறை இங்கே விரிவாக வர வேண்டும்.

இந்தியாவோடு கேபிள் போட்டால் விலை குறையுமா?

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, இரு நாட்டு மின் கட்டமைப்புகளை நேர்மின்னோட்டக் கம்பியால் இணைத்து மின்சாரத்தை வாங்கவும் விற்கவும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. பேச்சு புதிதல்ல, 2010லிருந்தே சாத்தியக்கூறு ஆராய்ந்து வந்தார்கள்.

நன்மை நிச்சயம் இருக்கிறது. நுரைச்சோலையின் ஓர் இயந்திரம் 300 மெகாவாட். அது திடீரென்று நின்றால் நம் முழுத் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கணத்தில் காணாமல் போகும். பெரிய கட்டமைப்போடு இணைந்திருந்தால் அந்த அடியைத் தாங்கலாம். இந்தியாவின் மின்சாரப் பரிமாற்றச் சந்தைகளில் நேபாளம் வாங்கி விற்கிறது. நேபாளத்தின் நீர்மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியே பங்களாதேஷுக்கும் போயிருக்கிறது. அயர்லாந்துத் தீவில் வடக்கும் தெற்கும் இரண்டு அரசுகளின் கீழ் இருந்தும், 2007 முதல் ஒரே மொத்த மின்சந்தையாக இயங்கி, பிரித்தானியாவோடும் கடலடிக் கேபிளால் இணைந்திருக்கின்றன. ஆகவே சிறிய தீவால் முடியாது என்று சொல்ல இடமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. இந்தியாவுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்று. நமக்குச் சூரியன் மறையும் நேரத்தில்தான் தமிழ்நாட்டிலும் மறைகிறது. நாம் பகலில் சோலார் மிஞ்சி விற்க நினைக்கும் நேரம் அங்கும் சோலார் மிஞ்சி விலை விழுந்திருக்கும். நாம் மாலை ஏழு மணிக்கு வாங்க ஓடும் நேரம் அங்கும் எல்லோரும் வாங்குவார்கள், விலை பலநாள் சட்டம் அனுமதிக்கும் உச்சத்தைத் தொட்டு நிற்கும். காற்றும் அப்படித்தான். தென்மேல் பருவக்காற்றில் மன்னார் ஆலைகள் சுற்றும்போது ஆரல்வாய்மொழியிலும் சுற்றும். ஆகவே கேபிளைக் காப்பீடாகப் பார்க்க வேண்டும், பணம் கொட்டும் இயந்திரமாக நினைக்கக் கூடாது. அதன் செலவையும் கடனையும் யார் சுமப்பது, விலை எந்தச் சந்தையில் தீர்மானமாகும், பிணக்கு வந்தால் எந்த மன்றம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் முன் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்து இடக் கூடாது. இணைப்பு வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். இருபது ஆண்டு விலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளும் இணைப்பு வேண்டாம்.

லண்டனில் மாதிரி கம்பனியை மாற்றிக்கொள்ளும் வசதி இங்கே வருமா?

வீடுகளுக்கு இப்போது அது தேவையில்லை என்பது என் எண்ணம். அங்கே இருக்கும் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். 2021இல் எரிவாயு விலை ஏறியபோது பிரித்தானியாவில் வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் இருபதுக்கும் மேற்பட்ட சிறு கம்பனிகள் விழுந்தன, அந்தச் செலவு எல்லோருடைய பில்லிலும் ஏறியது. டெக்சாஸில் 2021 பெப்ரவரிக் குளிர்ப்புயலின்போது மொத்தச் சந்தை விலை மெகாவாட் மணிக்கு 9,000 டொலரைத் தொட்டது. சந்தை விலையை அப்படியே கட்ட ஒப்புக்கொண்டிருந்த வீடுகளுக்கு சில நாட்களில் ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது. பெரிய தொழிற்சாலைகள், ஹோட்டல்கள் நேரே உற்பத்தியாளரிடம் வாங்கக் கம்பியைத் திறந்துவிடலாம், அவர்களிடம் கணக்காளர்கள் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைப் பாட்டி ஒருவர் பத்துக் கம்பனியின் சிறு எழுத்து ஒப்பந்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிலை வேண்டாம்.

பெற்றோல் செட்டுகளில் இப்போது பல கம்பனிகள். அங்கே போட்டி வந்துவிட்டதுதானே?

பெயர்ப்பலகைகள் வந்துவிட்டன. 2003 முதல் லங்கா ஐஓசி, 2023இல் சினொபெக், அடுத்து ஷெல் பெயரில் ஒரு நிறுவனம். சினொபெக் தொடக்கத்தில் சில ரூபாய் குறைத்து விற்றது. பிறகு மாதா மாதம் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விலையை அறிவிக்கும், மற்றவர்கள் அதையே ஒட்டிக்கொள்வார்கள் என்றாகிவிட்டது. ஆனாலும் ஒரு பலன் உண்டு. ஒருவரிடம் டொலர் தீர்ந்தாலும் இன்னொருவர் கப்பல் கொண்டுவருவார். 2022இல் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

காஸ் கதை இன்னும் மோசம். 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது சந்தையில் இருந்தது இரண்டே கம்பனி, லிட்ரோவும் லாஃப்ஸும். 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். டொலர் நெருக்கடியும் அதில் சேர்ந்திருந்தது. அதே மாதங்களில் வாயுக் கலவை மாற்றம் பற்றிய புகார்களோடு வீடுகளில் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தன. விலையைத் திறந்துவிட்டு, தரத்தைக் கவனிக்க ஆளில்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சமையலறைகளே சாட்சி. மின்சாரக் கட்டணத்தைப் பொது மன்றத்தில் கேள்வி கேட்கலாம். எரிபொருள் விலைக்கும் காஸ் விலைக்கும் அப்படி ஒரு மன்றம் இல்லை. கெரவலப்பிட்டி நிலையத்தில் எண்ணெய் எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறோம் என்பதால், எண்ணெய் விலையில் மறைந்திருக்கும் பிழை மின்சார பில்லிலும் வந்து சேர்கிறது. மூன்றையும் ஒரே ஒழுங்குபடுத்துநர் பார்க்க வேண்டும்.

சாதாரண ஆள் நான். எங்கே, எந்த மொழியில் பேசுவது?

பில்லில் பிழை, மீட்டர் பிழை, இணைப்புத் தாமதம் என்றால் முதலில் உங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தின் பகுதி அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால், அல்லது திருப்தி இல்லாவிட்டால், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோகலாம். கொழும்பு 3, சென் மைக்கல் வீதியில் இலங்கை வங்கி மேர்ச்சன்ட் டவரின் ஆறாம் மாடியில் அலுவலகம்.

கட்டணத் திருத்தம் வரும்போது முன்மொழிவை வெளியிட்டு எழுத்து மூலக் கருத்துகளைக் கேட்பார்கள், வாய்மொழிக் கூட்டமும் நடத்துவார்கள். கொழும்பில் அது வழக்கமாகப் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும். எவரும் பெயர் கொடுத்துப் பேசலாம். தமிழில் எழுதலாம், தமிழில் பேசலாம், தமிழில் பதில் கேட்கலாம். அந்த உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயமே தருகிறது.

என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். பொறியியல் தெரிந்தவர்கள் அங்கே போதுமான அளவு இருக்கிறார்கள். ஒரு மீட்டரில் மூன்று குடும்பம் இருப்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. தையல் கடையில் மின்வெட்டால் எத்தனை நாள் கூலி போனது, இரண்டு மாத பில்லை ஒன்றாக வைத்துப் பார்த்தால் படி எப்படி மாறியது என்று பில்லின் பிரதியோடு போய்ச் சொல்லுங்கள். பிரதிகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால் அடுத்த கூட்டத்துக்கும் உதவும்.